சேப்டி போட்ட துவக்கு விழுந்தால் வெடிக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டையில் பன்றிக் காவலுக்காக அப்பா வைத்திருக்கும் அனுமதிப்பத்திரம் உள்ள 12 போர் இரட்டைக்குழல் துவக்கு, காவல் குடிசையான வாடிக்குள் ஆணியில் தோள்வாரில் தொங்கியிருக்கிறது. வார் அறுந்து, பிடி கீழாகச் சீமெந்துத் தரையில் விழுந்து, ஒரு குழல் வெடித்துத் தகரக் கூரையில் ஓட்டை போட்டிருக்கிறது. நல்ல காலம், ஓட்டை கூரையோடு நின்றது. சேப்டி போட்டிருந்தது என்று அப்பா சத்தியம் செய்கிறார். மாமாவோ, விசையில் விரல் படாமல் துவக்கு வெடித்த சரித்திரமே இல்லை, அதுவும் சேப்டி போட்டிருந்தால் வெடிக்கவே வெடிக்காது, மச்சான் எதையோ மறைக்கிறார் என்கிறார். “யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அப்படி வெடிக்க முடியுமா என்பது ஒன்று. அன்று அப்படித்தான் வெடித்ததா என்பது மற்றது. முதலாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: முடியும், தாராளமாக முடியும். இரண்டாவதற்கு, துவக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஊகம் மட்டும்தான் சொல்லலாம். ஆனால் அந்த ஊகத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க ஒரு வழி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் யார் என்று சொல்லாமல் பேசுவது சரியில்லை. கொழும்பில் அனுமதி பெற்ற துவக்குப் பட்டறை ஒன்றில் நான்கு வருடம் உதவியாளனாக இருந்தவன். 1983 ஆடிக் கலவரத்தோடு அந்த வேலை முடிந்தது. ஊருக்கு வந்து, பிறகு ஓய்வு பெறும் வரை பெடியன்களுக்கு இயந்திரத் தொழில்நுட்பம் படிப்பித்தேன். ஆகவே பழைய ஆங்கிலேய, பெல்ஜிய இரட்டைக்குழல்களை விரல்களால் அறிந்தவன். பின்னால் வந்தவற்றைப் பற்றிப் படித்தறிந்ததுதான் அதிகம்.

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். வலிமையான ஸ்பிரிங் ஒன்று, அது அடிக்கத் துடிக்கும் கம்பி ஒன்று, அந்தக் கம்பியைத் தடுத்து வைத்திருக்கும் சின்னக் கொக்கி ஒன்று. துவக்கின் பூட்டும் இவ்வளவுதான். அடிக்கும் உறுப்பைத் தமிழில் வெகு காலமாகக் ‘குதிரை’ என்கிறோம். பழைய துவக்கில் அது வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் தோற்றத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. குதிரையின் அடியில் ஒரு காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் ஒரு நெம்பின் முனை போய்த் தங்கும். ஆங்கிலத்தில் அதைச் ‘சியர்’ என்பார்கள். எங்கள் பட்டறையில் ‘நாக்கு’ என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன். நாக்கு காடிக்குள் இருக்கும் வரை குதிரை அடங்கி நிற்கும். விசையை அழுத்தினால் விசை நாக்கின் வாலைத் தூக்கும், நாக்கு காடியிலிருந்து வெளியே வரும், குதிரை பாயும், தோட்டாவின் அடியில் இருக்கும் ‘கேப்’ என்ற தீப்பற்றும் மூடியை ஊசி குத்தும். இதில் பலரும் அறியாத விடயம், நாக்கும் காடியும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஆழம். ஒரு மில்லிமீற்றர் கூட இராது. இரண்டு மூன்று கடதாசித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிப்பு என்று நினையுங்கள். ஸ்பிரிங் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பை அந்தக் கடதாசித் தடிப்பு உருக்குத்தான் தடுத்து நிறுத்துகிறது.

ஆழத்தை விடவும் முக்கியமானது அந்த முகங்களின் சாய்வு. நன்றாகச் செய்த பூட்டில் நாக்கை வெளியே இழுக்கும்போது குதிரை மயிரிழையளவு பின்னுக்குப் போய்த்தான் விடுபடும். அதாவது, ஸ்பிரிங் தள்ளத் தள்ள நாக்கு காடிக்குள் இன்னும் ஆழமாக இறங்கவே பார்க்கும். சாய்வு இல்லாமல் நேராக இருந்தால் உராய்வு மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். சாய்வு எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டால் ஸ்பிரிங்கே நாக்கை வெளியே உதைக்கப் பார்க்கும். அப்படியான துவக்கு எப்போது வெடிக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம்.

இனி சேப்டிக்கு வருவோம். உங்கள் அப்பாவின் துவக்கு, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், குதிரை வெளியே தெரியாத வகை. குழலை மடிக்கும்போதே உள்ளே இருக்கும் இரண்டு குதிரைகளும் ஏறிவிடும். 1875ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பனியில் வேலை செய்த அன்சன், டீலி என்ற இருவர் பதிவுசெய்த அமைப்பு அது. உறுப்புகள் குறைவு, மலிவாகச் செய்யலாம், இலகுவில் பழுதாகாது. உலகத்தின் பெரும்பாலான இரட்டைக்குழல்கள் அதையோ அதன் தம்பிமாரையோ உள்ளே வைத்திருக்கின்றன. பிடியின் மேல், திறக்கும் நெம்புக்குப் பின்னால், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பின்னுக்கு இழுத்தால், சேப்டி போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக ‘எஸ்’ என்ற எழுத்து தெரியும். அந்தப் பொத்தான் உள்ளே என்ன செய்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பெரும்பாலான துவக்குகளில் அது ஒரு சின்னக் கட்டையை விசைகளுக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறது. விசை மேலே எழும்ப முடியாது. அவ்வளவுதான். குதிரையை அது தொடுவதில்லை. நாக்கையும் தொடுவதில்லை. குதிரை ஏறியபடியே, அதே கடதாசித் தடிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். கடிநாயைக் கட்டிப் போடாமல், அதை ஏவிவிடும் ஆளின் வாயை மட்டும் கட்டி வைத்தது மாதிரி. ஆள் ஏவவில்லை என்றால் நாய் பாயாது என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பொத்தானைப் போட்டிருக்கிறார்கள். அதற்குச் ‘சேப்டி’ என்று பெயர் வைத்தது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ‘விசைப்பூட்டு’ என்று வைத்திருந்தால் உங்கள் மாமா இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மாமாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பகுதியில் முப்பது வருடமாக எல்லோரும் பார்த்துப் பழகியது ரி-56 என்ற இராணுவ ரைபிள். அதன் வலப்பக்கத்து நீண்ட நெம்பை மேலே தள்ளினால் அதுவும் விசையைத்தான் தடுக்கிறது. ஆனால் அதில் குதிரையைப் பிடித்திருக்கும் கொக்கி, விசையோடு ஒரே துண்டாகச் செய்யப்பட்டது. விசை அசையாவிட்டால் கொக்கியும் அசையாது. அப்பாவுடையது போன்ற இரட்டைக்குழலில் விசை வேறு, நாக்கு வேறு. விசை நாக்கின் வாலைப் போய்த் தட்டும் தனி உறுப்பு. ஒன்றைத் தடுத்தால் மற்றதைத் தடுத்ததாகாது. பழைய பொலிஸ் நிலையங்களில் இருந்த 303 ரைபிளில் இன்னும் ஒரு படி மேல்: அதன் சேப்டியைப் போட்டால் அடிக்கும் உறுப்பையே பிடித்து, நாக்கிலிருந்து சற்றே பின்னுக்கு இழுத்து வைத்துவிடும், போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். 1898இன் ஜெர்மன் மவுசரிலும் சேப்டி அடிக்கும் உறுப்பையே நேரடியாகப் பிடிக்கும். நாக்கு தேய்ந்திருந்தாலும் இவற்றில் கவலை குறைவு. ஆகவே “சேப்டி போட்டால் வெடிக்காது” என்பது ரைபிளைப் பிடித்துப் பழகியவர் வாயில் ஓரளவு உண்மை. அதை அப்படியே இரட்டைக்குழலுக்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

இரட்டைக்குழலிலும் இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. விலை கூடிய ஆங்கிலேயத் துவக்குகளில் ஒவ்வொரு பூட்டிலும் இரண்டாவது நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அது குதிரையைத் தொடாமல் பக்கத்தில் காத்திருக்கும். விசையை அழுத்தினால் மட்டும் விலகி வழிவிடும். அதிர்ச்சியில் முதல் நாக்கு நழுவிக் குதிரை பாய்ந்தால், பாதி வழியில் இந்த இரண்டாவது நாக்கு அதைப் பிடித்து நிறுத்தும். முதன்முதலாக அப்படியொரு பூட்டைத் திறந்து பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நகைக்கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் இன்னுமொரு நாக்கு, இன்னுமொரு ஸ்பிரிங், அவற்றைப் பொருத்த அரத்தோடு உட்காரும் ஒரு கைவினைஞனின் நாட்கள். வயற்காவலுக்கென்று வாங்கும் விலையில் அதை எதிர்பார்க்க முடியாது. நம் ஊருக்கு வந்தவற்றில் நான் கழற்றிப் பார்த்த பெரும்பாலானவற்றில் அது இருக்கவில்லை.

அதிர்ச்சி என்று எழுதிவிட்டேன். எவ்வளவு அதிர்ச்சி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். கணக்கு மிகச் சின்னது: விழுந்த உயரத்தை, தரையில் பட்டு நிற்க எடுத்த தூரத்தால் பிரியுங்கள், வரும் எண், அந்தக் கணத்தில் ஒவ்வொரு உறுப்பும் தன் எடையைப் போல எத்தனை மடங்கு கனக்கிறது என்பதைச் சொல்லும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து வரம்புச் சேற்றில் விழுந்தால் துவக்கு ஐந்து சென்ரிமீற்றர் புதைந்து நிற்கும், 20 மடங்கு. பிடியின் அடியில் நல்ல ரப்பர் இருந்து அது ஒரு சென்ரிமீற்றர் அமுங்கினால் 100 மடங்கு. வெறும் மரப்பிடி சீமெந்தில் பட்டு இரண்டு மில்லிமீற்றரில் நின்றுவிட்டால் 500 மடங்கு. நாற்பது கிராம் குதிரை அந்தக் கணத்தில் இருபது கிலோ போல நடந்துகொள்ளும். விசையை அழுத்தத் தேவையான பலமோ இரண்டு கிலோவுக்குக் கிட்ட. இந்த உறுப்புகள் எல்லாம் அச்சாணியில் சுழல்பவை, எந்தத் திசையில் இழுபடுகின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஆகையால் இருபது கிலோவும் நேராக நாக்கின்மேல் வந்து விழுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பருமனில் பேசுகிறோம் என்பதைக் காட்டத்தான் சொன்னேன். அதோடு, துவக்கு கணகணவென்று அதிரும். அந்த அதிர்வில் நாக்கும் காடியும் ஒரு கணம் ஒன்றைவிட்டு ஒன்று துள்ளினால் போதும். திரும்பி வந்து பிடிப்பதற்குள் குதிரை போய்விடும்.

அமெரிக்கத் துவக்குத் தயாரிப்பாளர் சங்கத்தின் பரிசோதனை முறையில், சேப்டி போட்ட துவக்கை நான்கு அடி உயரத்திலிருந்து ஓர் அங்குலத் தடிப்பான கடின ரப்பர் விரிப்பில் போட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் விரிப்பில், சீமெந்தில் அல்ல. உங்கள் வாடிக்குச் சீமெந்துத் தரை போட்டது பாம்புக்கும் ஈரத்துக்கும் நல்லது. மண் தரையாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராமலும் போயிருக்கலாம்.

இவ்வளவும் புதிய, பழுதில்லாத துவக்குக்கே. நம் ஊரில் ஒரு துவக்கு எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். ஊருக்கு வந்த புதிதில், அனுமதிப்பத்திரக்காரரான ஒரு போடியார் (வயல் நிலக்காரர்), ஒரு விசை “தொட்டால் சுருங்கி மாதிரி” ஆகிவிட்டது என்று கொழும்புக்குக் கொண்டுபோகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். துணைக்கு என்னையும் அழைத்தார். பட்டறையில் என் பழைய ஆசான் அதைத் திறந்தார். அடித்தட்டைக் கழற்றியதும் முதலில் கொட்டியது நெல்லுமி. அதன்பின் குளவி கட்டிய மண். நாக்கின் ஸ்பிரிங்கைச் சுற்றி மஞ்சள் மெழுகு மாதிரி ஏதோ. மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய், வருடக் கணக்கில் தூசியோடு சேர்ந்து காய்ந்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியற்காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக நிற்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பன்றி வருவதும் அந்த நேரந்தான். உறைந்த எண்ணெயில் நாக்கு காடியின் அடிவரை இறங்காமல் பாதியில் நிற்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும்.

ஆனால் உண்மையான பழுது அதுவல்ல. ஆசான் பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். இடப்பக்கக் குதிரையின் காடி மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. குறுக்கே அரத்தின் கீறல்கள். விசை கடினமாக இருக்கிறது என்று யாரோ கைவைத்திருக்கிறார்கள். யாரென்று போடியார் சொல்லவில்லை, ஆசானும் கேட்கவில்லை. அந்தக் காலத்து உறுப்புகள் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. எலும்புக்கரியோடு சூளையில் வைத்துச் செய்வது. அந்தத் தோல் ஒரு மில்லிமீற்றரில் ஒரு பங்கு. அரம் அதைத் தின்றுவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. அன்றைக்கு விசை இலகுவாகிவிட்டதென்று சந்தோசப்படலாம்; பிறகு ஒவ்வொரு வேட்டுக்கும் அது தானாகவே இன்னும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே போகும். ஆசான் குழல்களில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு மூடினார், சேப்டியை ‘எஸ்’ஸில் வைத்தார், பிடியின் அடியை ரப்பர் சுத்தியலால் உள்ளங்கையில் தட்டுவது போல மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் உள்ளே ‘டக்’ என்றது. விசைகள் இரண்டும் அசையவில்லை. சேப்டி இருந்த இடத்திலேயே இருந்தது. போடியார் வாயைத் திறக்காமல் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துவக்கோடுதான் அவர் மகன் ஒரு போகம் முழுக்கப் பரணில் படுத்திருக்கிறான்.

உங்கள் மாமாவுக்கு என் வார்த்தை போதாது என்றால், உலகம் இதற்குக் கொடுத்த விலையைச் சொல்லுங்கள். 1873இல் வந்த கோல்ட் ரிவோல்வரில் ஊசி குதிரையிலேயே இருந்தது. குதிரை இறங்கியிருந்தால் ஊசி நேராகக் கேப்பின்மேல் சாய்ந்திருக்கும். ஆறு ரவைக்கு இடமிருந்தும் ஐந்தை மட்டும் போட்டு, குதிரைக்குக் கீழே ஒரு அறையை வெறுமையாக விடுவது அனுபவஸ்தர்களின் வழக்கமானது அதனால்தான். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1973இல், அதே சாயலில் ரிவோல்வர் செய்த ரூகர் கம்பனி, விசையை அழுத்தினால் மட்டும் குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே எழும்பும் ஒரு தகட்டை வைத்தது. தகடு எழும்பாவிட்டால் குதிரை எவ்வளவு அடித்தாலும் அடி ஊசிக்குப் போகாது. பழைய துவக்குகளுக்கும் அதை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 1944இல் அமெரிக்கக் கப்பலொன்றில் ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வர் ஒன்று தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தபின், அந்தக் கம்பனி குதிரையைத் தடுக்கும் உறுப்பைப் புதிதாக வடிவமைத்தது. இதெல்லாம் பழைய கதை என்று மாமா சொன்னால், 2017ஐச் சொல்லுங்கள். சிக் சவர் பி320 கைத்துப்பாக்கி அப்போதுதான் அமெரிக்க இராணுவத்தால் தெரிவுசெய்யப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கு விற்ற அதன் பதிப்பு, பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் பட்டால் வெடிப்பதைப் பலர் செய்து காட்டினார்கள். காரணம் வேடிக்கையானது. துப்பாக்கி நின்றுவிட்டது, விசை நிற்கவில்லை. கனமான விசை தன் வேகத்திலேயே பின்னுக்குப் போய்த் தன்னைத்தானே அழுத்திக்கொண்டது. கம்பனி இலவச மாற்றம் அறிவித்து எடை குறைந்த விசையைப் போட்டது. பெரிய இராணுவம் சோதித்த ஒரு வடிவமைப்பின் நிலை இது.

இதிலிருந்து வடிவமைப்பவர்கள் கற்றுக்கொண்டது, மனிதனின் பெருவிரலை நம்பியிருக்கும் சேப்டியை விட, விசை முழுதாக அழுத்தப்பட்டால் மட்டும் வழிவிடும் தடை மேல் என்பதுதான். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக்கில் பொத்தானே இல்லை. விசையிலும், ஊசியிலும், நாக்கின் பாதையிலுமாக மூன்று தடைகள், மூன்றும் விசை அழுத்தப்படும்போதே விலகும். அதன் குறை வேறு: விசையில் ஒரு நூலோ குச்சியோ சிக்கினால் அது மூன்று தடையையும் நீக்கிவிடும். விழுந்தால் வெடிக்காமல் காப்பது ஒன்று, தெரியாமல் விசை அழுத்தப்படாமல் காப்பது வேறொன்று. உங்கள் அப்பாவின் துவக்கில் இரண்டாவது மட்டும் இருக்கிறது. மிருகம் வரும் வழியில் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கில் இரண்டும் இல்லை. அந்தப் பேயைப் பற்றி இங்கே பேசவில்லை, அது யானையையும் பன்றியையும் மட்டுமல்ல, விறகுக்குப் போன மனிதரையும் பார்க்காது.

பழைய ஆட்கள் வெளிக்குதிரைத் துவக்கை விடாமல் வைத்திருந்ததற்கும் காரணம் இருந்தது. குதிரை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது நிலவு வெளிச்சத்திலும் தெரியும். உள்குதிரைத் துவக்கில் அந்த வசதி இல்லை. தோட்டா போட்டு மூடினால் அது எப்போதும் ஏறித்தான் இருக்கும். ஆணியில் தொங்கும்போதும், அப்பா நித்திரை கொள்ளும்போதும்.

இனி உங்கள் வீட்டு வழக்கு. எனக்கு உறுதியாகத் தெரிபவை இவை: பிடி கீழாக விழுந்திருக்கிறது, ஏனென்றால் ஓட்டை கூரையில் இருக்கிறது. சீமெந்துத் தரை அதிர்ச்சியை ஏறக்குறைய முழுவதுமாகத் துவக்குக்கே திருப்பிக் கொடுத்திருக்கும். விசையில் விரல் படாமலே இப்படி வெடிப்பது, தேய்ந்த பூட்டில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. சந்தேகமானது, இந்தத் துவக்கில் எது பழுது என்பது. காடி தேய்ந்திருக்கலாம், நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அழுக்கு நாக்கை முழுதாக இறங்கவிடாமல் வைத்திருக்கலாம். சேப்டிக் கட்டைக்கும் விசைக்கும் இடையிலேயே தேய்வு விழுந்து, சேப்டி போட்டபடியே விசை சற்று அசையக்கூடியதாகவும் இருக்கலாம்; பழைய துவக்குகளில் பிடி மரம் சுருங்கினால் இதுவும் நடக்கும். சேப்டி உண்மையில் போடப்படாமல், விழும்போது அறுந்த வாரோ சுவரில் இருந்த ஏதோ கம்பியோ விசையில் மாட்டியதென்ற சாத்தியத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மாமாவுக்காக அந்த ஒரு கதவைத் திறந்தே வைக்கிறேன்.

அந்தத் துவக்கை இனித் திருத்தாமல் தொடவேண்டாம். துவக்குத் திருத்துவதற்கென்று தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது உள்ளவரிடம், பொலிசில் கேட்டு முறைப்படி கொண்டுபோங்கள். அவரிடம் “விசையை இலகுவாக்கித் தாருங்கள்” என்று ஒருபோதும் கேட்கவேண்டாம், “நாக்கும் காடியும் எப்படி இருக்கின்றன, தட்டிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். சைக்கிள் கடையிலும் லேத் பட்டறையிலும் கெட்டிக்காரப் பெடியன்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இது அவர்களுடைய வேலையல்ல. பிடியின் அடியில் இருக்கும் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின்னும் வாடிக்குள் ஆணியில் தொங்கவிடும்போது தோட்டாவை எடுத்துவிட்டே தொங்கவிடச் சொல்லுங்கள். பன்றி வந்த சத்தம் கேட்டபின் இரண்டு தோட்டா போட்டு மூட எவ்வளவு நேரம் வேண்டும்? அப்பாவின் வயதிலும் ஐந்து செக்கன் போதும். வரம்பில் நடக்கும்போது குழலை மடித்தே கொண்டுபோகலாம். மடித்த துவக்கு விழுந்தால் சேறுதான் படும்.

கடைசியில் சொல்கிறேன் என்றது இதுதான். இந்த வகைத் துவக்குகள் பலவற்றில் சேப்டி தானாகவே போட்டுக்கொள்ளும்: குழலைத் திறக்கும் நெம்பைத் தள்ளினாலே பொத்தான் பின்னுக்கு வந்து ‘எஸ்’ தெரியும். வெடித்த பதற்றத்தில் அப்பா முதலில் துவக்கைத் திறந்து வெற்றுத் தோட்டாவை எடுத்திருந்தால், அதன்பின் ‘எஸ்’ தெரிந்தது ஒன்றையும் நிரூபிக்காது. முன்பு எந்த நிலையில் இருந்திருந்தாலும் அப்போது ‘எஸ்’ஸில்தான் இருந்திருக்கும். திறந்ததும் குதிரைகள் இரண்டும் மறுபடி ஏறியிருக்கும், ஆகவே பூட்டுக்குள் தடயமும் மிஞ்சியிராது. ஆனால் அவர் தொங்கவிடும் முன்போ, விழுந்து கிடந்த துவக்கைத் திறப்பதற்கு முன்போ ‘எஸ்’ஸைக் கண்ணால் கண்டிருந்தால் கதையே வேறு. ஆகவே சத்தியம் கேட்பதை விட்டுவிட்டு, அவர் சோறு சாப்பிட்டு ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பொத்தானை எப்போது பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். திறப்பதற்கு முன்பா, பின்பா?